பொருளும் போலியும்

ஆண்கள் உபயோகிக்கும் செக்ஸ் சாதனங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் இலக்கிய நண்பர் ஒருவர் சிரித்தார். அவருடைய கடைசிக் கவிதைத் தொகுதியில் முலை 11 இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்திருக்கிறேன். உடலைப் படிமமாக்க நமக்குத் தயக்கமில்லை. அதே உடலில் படும் ஒரு பொருளை எதைக் கொண்டு கழுவுவது என்று சொல்ல மட்டும் நம்மிடம் ஒரு பாரா உரைநடை கிடையாது. ஒரு மொழியின் நவீனத்துவத்தை அதன் கவிதையை வைத்து மட்டும் அளப்பது போதாது. அதன் உபயோகக் குறிப்புகளையும் வைத்து அளக்க வேண்டும்.

நான் வங்கிக் குமாஸ்தா. நகைக் கடன் சீட்டின் பின்புறத்தில்கூடப் பொடி எழுத்தில் நிபந்தனைகள் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நான் வரவழைத்த சாதனத்தின் பெட்டியில் ‘மசாஜர்’ என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் இல்லை. எதனால் ஆனது, யார் செய்தது, எப்படிப் பேணுவது, ஒன்றும் இல்லை. தேங்காய் எண்ணெய் சர்வரோக நிவாரணி என்று நம்பும் குடும்பத்தில் பிறந்தவன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். கழுவி, ஈரத்தோடு பீரோவில் வைத்தேன். ஐப்பசி மழை ஓய்வதற்குள் அது பிசுபிசுத்து, உள்ளே கரும்புள்ளிகள் பூத்துவிட்டன. அறியாமை என்னுடையது. அதில் லாபம் பார்த்தவன் வேறொருவன்.

அவன் ஏன் எழுதவில்லை? எழுதினால் மாட்டிக்கொள்வான் என்ற பயம். ஆபாசமான பொருளை விற்பது குற்றம் என்கிறது சட்டம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292, 2024 ஜூலையிலிருந்து பாரதீய நியாய சம்ஹிதையின் 294. எண் மாறியதே தவிர மனம் மாறவில்லை. பாடி மசாஜர்களைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த வழக்கில் 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் ஆதாரம் காட்டியது 1964ஆம் வருஷத்து அறிவிக்கை. ஆபாசப் புத்தகம், துண்டுப் பிரசுரம், சித்திரம் போன்றவற்றுக்கானது. இந்தக் கருவி அந்த வகையில் சேராது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. நல்லதுதான். ஆனால் வென்றது மசாஜர் என்ற பெயர். உள்ளதை உள்ளபடி பெயரிட்டு விற்கிறவனின் பயம் இன்னும் தீரவில்லை. பெயர் இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை.

ஜப்பானில் மாட்சுமோட்டோ கோய்ச்சி என்பவர், கார் மெக்கானிக்காக இருந்தவர், கடைகளில் இந்தச் சாதனங்களைப் பார்த்தபோது இதே குறையைத்தான் கண்டார்: செய்தவன் பெயரில்லை, விலாசமில்லை. 2005ல் அவர் கொண்டுவந்த டெங்கா, ஒரு கோப்பை. பெண்ணுடலின் நகல் அல்ல. ஒரு தரம் உபயோகித்து எறிவது என்பது எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் அது தன்னை ஒரு பொருளாக ஒப்புக்கொண்ட பொருள். மறுபக்கம், தலையும் கையும் காலும் இல்லாத ரப்பர் பெண் முண்டங்கள். இதற்கு ‘ரியலிஸ்டிக்’ என்று பெயராம்! நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் யதார்த்தம் என்று பண்ணியதும் இதைத்தான்: பெண்ணைத் துண்டாக்கி, தோலை மட்டும் தத்ரூபமாக்குவது. இந்தப் போலி, சுகாதாரத்துக்கும் விரோதி. மடிப்பு அதிகமானால் கழுவுவது கஷ்டம், உலர்வது அதைவிடக் கஷ்டம்.

பாராவை யாரும் எழுதப்போவதில்லை, நானே எழுதுகிறேன். முதலில் பொருளைக் கேளுங்கள். சிலிக்கோனில் நுண்துளை இல்லை. மோட்டார் இல்லாததைக் கொதிக்கும் நீரிலேயே போடலாம். மலிவாகவும் மெத்தென்றும் இருக்கும் டி.பி.இ. நுண்துளை உள்ளது, முழுக்கக் கிருமி நீக்க முடியாது, கொதிநீர் ஆகாது, கொஞ்ச காலத்தில் எறிந்துவிட வேண்டியது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் எதற்கும் ஒத்துப்போகும், எண்ணெய் டி.பி.இ.யையும் ஆணுறையையும் கெடுக்கும். சிலிக்கோன் ஜெல் சிலிக்கோனையே கெடுக்கக்கூடும். உபயோகித்த உடனே வெதுவெதுப்பான நீரிலும் மிருதுவான சோப்பிலும் கழுவி, உட்புறம் உட்பட முழுக்க உலர்த்தித் தனித்தனியாக வைக்கவும். டி.பி.இ. பிசுபிசுத்தால் சமையலறைக் கார்ன்ஃப்ளோர் லேசாகத் தூவலாம். ஆசனவாயில் உபயோகிப்பதன் அடி அகன்றிருக்க வேண்டும். இல்லையேல் உள்ளே போய்விடும், பிறகு ஆஸ்பத்திரிதான். வளையம் நீளக்கூடியதாக இருக்கட்டும், உலோகம் வேண்டாம். அரை மணிக்கு மேல் கூடாது, மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றவும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே வளையத்தைத் தொட வேண்டும். இன்னொருவரோடு பகிர்ந்தால் புது ஆணுறை.

அவ்வளவுதான். ஆபாசம் எங்கே இருக்கிறது? சர்வதேசத் தர நிறுவனம் 2021ல் ஐ.எஸ்.ஓ. 3533 என்று இவற்றுக்குத் தரவரையறையே வெளியிட்டாயிற்று.

நாம் பேசாமலிருந்த காலமெல்லாம் யாரும் பேசாமலிருக்கவில்லை. இளமையில் செய்த தவறுக்கு லாட்ஜ் அறையில் மருந்து தருகிறவர்கள் பத்திரிகைப் பக்கங்களிலும் சுவர்களிலும் தமிழில்தான் பேசினார்கள். விந்து போவதால் பலம் போகிறது என்ற பயத்தை டாக்டர் என். என். விக் 1960லேயே ‘தாது நோய்க்குறி’ என்று பெயரிட்டு மனநல விஷயமாக்கினார். பயத்துக்குத் தமிழில் பக்கம் பக்கமாக உரைநடை இருக்கிறது. பாடசாலைப் பையனிலிருந்து ரிட்டயரான ஹெட்கிளார்க் வரை அதற்குக் காசு கட்டியிருக்கிறார்கள்.

நண்பர் இன்னும் சிரிக்கலாம். அடுத்த தொகுதியில் 12வது இடம் வருவதற்கு முன் ஒரு சோப்பு, ஒரு துண்டு, ஒரு ஆண், இவை மூன்றையும் வெட்கமில்லாமல் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்கட்டும். படிமம் வேண்டாம்.