சோதனைக் குழாயும் போலீஸ் கையில்

அறிவியலுக்குச் சாதி கிடையாது என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். சரி, கிடையாது. சாம்பிளை எப்போ எடுப்பது, யார் சீல் வைப்பது, வந்த ரிப்போர்ட்டை யார் வாசித்துக் காட்டுவது, இதுக்கெல்லாம் சாதி இல்லையா?

ஹாத்ரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 14. வால்மீகி சாதிப் பெண், 19 வயசு. குத்துயிரும் குலைஉயிருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட நாலு பேரும் தாக்கூர்கள். தடயம் எடுக்க 96 மணி நேரம்தான் கெடு என்று அரசாங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது. ஆக்ரா லேப்புக்குப் போன சாம்பிள் எடுக்கப்பட்டதோ 11 நாள் கழித்து. 29-ஆம் தேதி அந்தப் பெண் செத்துப்போனாள். அன்று நடுராத்திரி கடந்ததும் போலீசே உடலை எரித்தது. பெற்றவர்களைக்கூட கிட்டே விடவில்லை. மறு போஸ்ட்மார்ட்டத்துக்கும் வழியில்லாமல் போச்சு. அக்டோபர் 1-ஆம் தேதி ஏ.டி.ஜி.பி. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்: லேப் ரிப்போர்ட்டில் விந்து இல்லை, ஆகவே வல்லுறவு நடக்கவில்லை. வல்லுறவை நிரூபிக்க விந்து வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? போலீஸ் அதிகாரிக்கு இது தெரியாதா என்ன!

2023 மார்ச்சில் தீர்ப்பு. ஒருத்தனுக்கு மட்டும் தண்டனை, அதுவும் கொலையாகாத மரணத்துக்கு. மூணு பேர் விடுதலை. வல்லுறவு நிரூபணமாகவில்லையாம்.

லேப் பொய் எழுதியது என்று நான் சொல்லவில்லை. காலிச் சட்டியைக் கொடுத்தால் காலி என்றுதான் எழுதுவான். சட்டியைக் காலி பண்ணியவனைக் கேட்க ஆளில்லை என்பதுதான் நம்ம வழக்கு. உத்தரப்பிரதேசத்தில் லேப் போலீசுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் தடய அறிவியல் தனித் துறை. சந்தோசப்படாதீர்கள், அதற்கும் மேலே உட்கார்ந்திருப்பது போலீசை வைத்திருக்கும் அதே உள்துறைதான்.

வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம்ம சனம் குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலம். ரத்தம் கொடு என்று கூப்பிட்டது யாரை? அந்தத் தண்ணியைக் குடித்தவர்களையும்தான். 2023 ஏப்ரலில் 11 பேரைக் கூப்பிட்டதில் 8 பேர் தரமாட்டோம் என்று நின்றார்கள். பிறகு கோர்ட் உத்தரவு வந்தது, சிறுவர்கள் உட்பட. டி.என்.ஏ. யாருக்கும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை அதே சேரியின் மூணு பேர் மேல். இப்போது ஆதாரம் செல்போன். அதையாவது வெளியாள் யாராவது சரிபார்த்தார்களா?

லேப் நிபுணர் கூண்டேறாமலே அவர் ரிப்போர்ட் சாட்சியமாகலாம். பழைய சட்டத்தில் 293, இப்போது 329. கோர்ட் நினைத்தால் கூப்பிடலாம், அவ்வளவுதான். லேப்புகளுக்குக் கடிவாளம் போடச் சட்டப்படியான வாரியம் கிடையாது. டி.என்.ஏ. லேப்புக்கு வாரியம் என்று 2019-ல் வந்த மசோதாவை 2023-ல் வாபஸ் வாங்கிவிட்டார்கள். (அந்த மசோதா விசாரணைக் கைதிகளின் டி.என்.ஏ.வைச் சேர்த்துவைக்கவும் பார்த்தது. ஜெயிலில் விசாரணைக் கைதியாகக் கிடப்பது யார் என்று தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

நடக்காத காரியமில்லை இது. அமெரிக்காவில் ஹூஸ்டன் போலீஸ் லேப்பின் தப்பான டி.என்.ஏ. ரிப்போர்ட்டால், 16 வயதில் கைதான கறுப்பினப் பையன் நாலு வருசத்துக்கு மேல் ஜெயிலில் கிடந்து 2003-ல் வெளியே வந்தான். நாறிப்போன அந்த லேப்பை 2014-ல் போலீசிடமிருந்து பிடுங்கித் தனி அமைப்பிடம் கொடுத்தார்கள்.

வன்கொடுமை வழக்குக்கு நிவாரணத் தொகையோடு நின்றுவிடுகிறோம். இனி மனு எழுதும்போது இதையும் எழுதுங்கள்: சாம்பிள் எடுத்த நாள், நேரம், சீல் வைத்தவர் பெயர், லேப்புக்குப் போன நாள், எல்லாம் பாதிக்கப்பட்டவர் கையில் நகலாக வர வேண்டும். சாம்பிளில் ஒரு பங்கு மறுசோதனைக்கு ஒதுக்க வேண்டும். லேப் உள்துறையை விட்டு வெளியே வர வேண்டும்.