விடை சொல்ல என்ன அவசரம்?



முதலில் ஒரு கணக்கு. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை போகிறதே சென்னை வெளிவட்டச் சாலை, அதன் நீளம் 62 கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டலூரிலிருந்து ஒரு கார், மீஞ்சூரிலிருந்து ஒரு கார், எதிரெதிராகப் புறப்படுகின்றன. இரண்டுக்குமே மணிக்கு 31 கிலோமீட்டர் வேகம். அதே நொடியில் வண்டலூர் காரின் கூரையிலிருந்து ஒரு புறா கிளம்புகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துபோய் மீஞ்சூர் காரைத் தொடுகிறது. தொட்டதும் திரும்பி வண்டலூர் காருக்கு, அங்கிருந்து மறுபடி மீஞ்சூர் காருக்கு. இரண்டு கார்களும் சந்திக்கும்வரை இதே வேலைதான். அந்தப் புறா மொத்தம் எத்தனை கிலோமீட்டர் பறந்திருக்கும்?

கொஞ்சம் பொறுங்கள். போனை எடுக்க வேண்டாம்.

இந்தக் கணக்கை நெமிலிச்சேரிக்காரர்களுக்குக் கொடுப்பது பொருத்தம். வெளிவட்டச் சாலையை முதல் கட்டமாக வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை, அதாவது ஏறக்குறைய பாதித் தூரம்தான் போட்டார்கள். 2014-ல் அது திறந்தது. மீஞ்சூர் வரையிலான மிச்சம் பிறகு வந்தது. ஆக, நம்முடைய இரண்டு கார்களும் சந்தித்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய நெமிலிச்சேரிதான்!

காலையில் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள், சென்ட்ரலில் இறங்கி ஆபீசுக்கு ஓடுகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள். தினமும் அதே பெட்டி, அதே கூட்டம். பேச்சும் பெரும்பாலும் அதேதான்: தக்காளி விலை, ஸ்கூல் பீஸ், ரயில் லேட். இல்லையென்றால் ஆளுக்கொரு போன். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் பட்டாபிராம் தாண்டும்போது இந்தப் புறாவைப் பறக்கவிட்டால் என்ன ஆகும்?

ஒருவர் பழைய பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி முதல் சுற்றைக் கணக்குப் போடுவார். புறா மீஞ்சூர் காரைத் தொட இத்தனை நிமிடம், அதற்குள் கார் இவ்வளவு தூரம் வந்திருக்கும், திரும்பும்போது இன்னும் கொஞ்சம் குறையும் என்று எழுதிக்கொண்டே போவார். இன்னொருவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி, "ரெண்டு காரும் சந்திக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்பார். ஒரு மணி நேரம். அப்படியானால் புறாவும் பறந்தது ஒரு மணி நேரம்தானே? விடை 60 கிலோமீட்டர். கதை முடிந்தது.

இரண்டாமவர் கெட்டிக்காரர், முதலாமவர் வீண் வேலை பார்த்தார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஜான் வான் நாய்மன் என்ற பெரிய கணித மேதையிடம் இதே மாதிரி ஒரு கணக்கைச் சொன்னார்களாம். அவர் சட்டென்று விடை சொல்லிவிட்டார். "ஓ, உங்களுக்கு அந்தக் குறுக்குவழி தெரிந்திருக்கிறதே!" என்றார்களாம். "குறுக்குவழியா? நான் ஒவ்வொரு சுற்றாகக் கூட்டித்தானே பார்த்தேன்" என்றாராம் அவர். இது நடந்ததோ, கட்டிய கதையோ, கணித ஆசிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை.

புதிரை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதில் எனக்குப் பிடித்ததே இதுதான். கேள்வி ஒன்று. அதற்குள் நுழைகிற வழியோ ஆளுக்கு ஆள் வேறு. பல வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் எப்படி யோசிப்பார் என்று நமக்குத் தெரியுமா? ஒரு புதிரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் கும்பகோணத்து ராமானுஜன் கதையையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1914-ல் அவர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு நண்பராக வாய்த்தவர்களில் ஒருவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அந்த டிசம்பர் மாத 'ஸ்டிராண்ட்' பத்திரிகையில் ஹென்றி டியூட்னி என்பவர் ஒரு புதிர் போட்டிருந்தார். நீளமான ஒரு தெரு. ஒரே வரிசையில் 1, 2, 3 என்று வீட்டு எண்கள். அதில் ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிற எண்களையெல்லாம் கூட்டினால் வருவதும், மறுபக்கம் இருக்கிற எண்களையெல்லாம் கூட்டினால் வருவதும் ஒன்றே. தெருவில் வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டு எண் என்ன?

மகலனோபிஸ் அங்கேயும் இங்கேயும் எண்களைப் போட்டுப் பார்த்துச் சில நிமிடத்தில் விடையைப் பிடித்துவிட்டார். ராமானுஜனோ சமையலில் இருந்தார். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் அவரேதான் சமைத்துக்கொள்ள வேண்டும். வாணலியில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தவருக்கு நண்பர் புதிரை வாசித்துக் காட்டினார். கிளறுவதை நிறுத்தாமலே, "எழுதிக்கொள்ளுங்கள்" என்று அவர் ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அந்த ஒரு தெருவுக்கு மட்டுமில்லை, இப்படி அமையக்கூடிய எல்லாத் தெருக்களுக்கும் விடை அதற்குள் இருந்தது. எட்டு வீடு இருக்கிற தெருவா? ஆறாவது வீடு. 49 வீடா? 35-வது. பத்திரிகை கேட்ட விடை, 288 வீடுகளில் 204-வது.

மகலனோபிஸ் தன் விடையோடு திருப்திப்பட்டு பத்திரிகையை மூடி வைத்திருந்தால்? விடை அவர் கையில் அப்போதே இருந்தது. ஆனாலும் நண்பரிடம் கேள்வியைப் படித்துக் காட்டினார். அதனால்தான் நூறு வருடம் தாண்டி இன்று நாம் அந்த வாணலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். உறவினர் வருகிறார். பிள்ளையைக் கூப்பிட்டு, "ஒரு கிலோ பஞ்சு, ஒரு கிலோ இரும்பு, எது கனம்?" என்கிறார். பிள்ளை அவசரத்தில் "இரும்பு" என்கிறது. கூடமே சிரிக்கிறது. "இதுகூடத் தெரியலையா? என்ன படிக்கிறே?" அந்தப் பிள்ளை அதற்கப்புறம் புதிர் என்றால் ஒதுங்கிப் போகுமா, போகாதா?

பாட்டிகள் விடுகதை போட்ட விதமே வேறு. கரண்ட் போன ராத்திரியில் மொட்டை மாடியில் பாயை விரித்துப் போட்டு, "அம்மா புடவையை மடிக்க முடியாது, அப்பா காசை எண்ண முடியாது, அது என்ன?" என்பார்கள். பேரன் விழித்தால் சிரிக்க மாட்டார்கள். "சும்மா மல்லாந்து படுடா" என்பார்கள். மேலே வானமும் நட்சத்திரமும். விடையைப் பேரனே சொன்ன மாதிரி ஆகிவிடும். தொல்காப்பியத்திலேயே 'பிசி' என்ற பெயரில் விடுகதைக்கு இடம் உண்டு. அத்தனை காலமாக அது நம்மோடு இருப்பதற்குக் காரணம், போடுகிறவர்கள் அதைப் பரீட்சையாக்கவில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன்.

'தெரியலை' என்று சொல்ல நம் வீடுகளில் எவ்வளவு கூச்சம்! அப்பா பிள்ளையிடம் சொல்ல மாட்டார். மேனேஜர் ஊழியரிடம் சொல்ல மாட்டார். ஆனால் 2015 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி உலகத்தையே சுற்றிய ஒரு புதிர் முழுக்க முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல் நின்றது. 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கான கணிதப் போட்டியில் வந்த கேள்வி அது. டிவி தொகுப்பாளர் ஒருவர் பேஸ்புக்கில் போட, தீயாகப் பரவியது. செரில் என்ற பெண் தன் பிறந்தநாளாக இருக்கக்கூடிய பத்து தேதிகளைச் சொல்கிறாள். ஒரு நண்பனுக்கு மாதத்தை மட்டும், இன்னொருவனுக்குத் தேதியை மட்டும் காதில் சொல்கிறாள். "எனக்குத் தெரியலை, ஆனா அவனுக்கும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்கிறான் முதலாமவன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் இரண்டாமவனுக்கு விடை தெரிந்துவிடுகிறது. அதைக் கேட்டு முதலாமவனுக்கும் தெரிந்துவிடுகிறது. ஒருவன் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னதால்தான் இருவரும் விடைக்கு வந்து சேர்ந்தார்கள். நம் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

"இதெல்லாம் எதுக்கு மேடம்? ஏஐ-கிட்டே கேட்டா ஒரு செகண்டில் சொல்லிடுமே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்லிவிடும்தான். கரண்ட் பில் கட்டுவது எப்படி, பாஸ்போர்ட்டுக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்பதையெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். அங்கே நமக்கு வேண்டியது விடை. புதிரில் விடை கிடைத்த நிமிடமே விளையாட்டு முடிந்துபோகிறதே! அப்புறம் அதைச் சீக்கிரம் முடிப்பதற்கு எதற்கு ஒரு மெஷின்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிர் போட்டால் மறதி நோய் வராது, பிள்ளை ஐஐடி போய்விடும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அப்படி விளம்பரம் செய்த 'லுமாசிட்டி' என்ற மூளைப் பயிற்சி ஆப் நிறுவனம், ஆதாரமில்லாமல் ஆசை காட்டியதாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. யாராவது பெரிய தொகை வாங்கிக்கொண்டு 'பிரைன் டிரெய்னிங்' என்று வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கையில் கிடைக்கிற பயன் சின்னதுதான், ஆனால் நிஜமானது. மூன்று நண்பர்கள் ஓட்டலில் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு 300 கொடுக்கிறார்கள். பில் 250. மிச்சம் 50-ல் ஆளுக்கு 10 எடுத்துக்கொண்டு, 20 ரூபாயை டிப்ஸாக வைக்கிறார்கள். ஆளுக்கு 90 கொடுத்த கணக்கில் 270. டிப்ஸ் 20. மொத்தம் 290. மீதி 10 ரூபாய் எங்கே? எங்கேயும் போகவில்லை. அந்த 20 ரூபாய் 270-க்குள்ளேயே இருக்கிறது. அதைத் திரும்பக் கூட்டச் சொன்னதில்தான் தந்திரம். இதில் ஒருமுறை சிக்கி மீண்டவர், ஆடித் தள்ளுபடியில் '50% + 20%' போர்டைப் பார்த்து 70% என்று ஏமாற மாட்டார். ஆயிரம் ரூபாய்ப் புடவை முதலில் 500 ஆகும், பிறகு அந்த 500-ல் 20% போய் 400 ஆகும். கிடைத்தது 60% தான். 'ஜீரோ வட்டி' இஎம்ஐ பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்பும் அதே கண் வேலை செய்யும்.

சரி, எப்படித் தொடங்குவது? வாரம் ஒரு புதிர் போதும். ராத்திரி சாப்பிடும்போது கேட்டுவிட்டு, விடையை மறுநாள் ராத்திரி வரை வாயில் போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள். நடுவில் கேட்டால் குறிப்பு மட்டும் கொடுங்கள். யாராவது விடை சொன்னால் "கரெக்ட்" என்பதற்கு முன்னால் "எப்படி யோசிச்சே?" என்று கேளுங்கள். தப்பான விடைக்கும் இதே கேள்விதான். பிள்ளைகளுக்கும் ஒரு முறை வரட்டும். அவர்கள் போட, பெரியவர்கள் முழிக்கட்டும்!

பலாப்பழ சீசனில் இதையும் செய்து பாருங்கள். காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியிருக்கிற சின்ன முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று வந்துவிடுமாம். பழத்தை அறுக்கும் முன்பே ஆளுக்கொரு எண்ணை எழுதி வையுங்கள். நூல் சொல்வது சரியா, பாட்டியின் கண்ணளவு சரியா என்று பண்ருட்டிப் பலா தீர்ப்புச் சொல்லட்டும்.

கடைசியாக, இந்த இதழுக்கான புதிர். ஒருவரிடம் ஒன்பது பசுக்கள். முதல் பசு தினம் ஒரு லிட்டர் பால் கறக்கும், இரண்டாவது இரண்டு லிட்டர், இப்படியே ஒன்பதாவது பசு ஒன்பது லிட்டர். தன் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்று பசு கொடுக்க வேண்டும். மூவருக்கும் கிடைக்கிற பாலும் சமமாக இருக்க வேண்டும். எப்படிப் பிரிப்பார்? இது சுலபமாகப் போய்விட்டது என்கிறவர்களுக்கு: 81 பசு, ஒன்பது பிள்ளைகள், அதே நிபந்தனை.

ஒரே ஒரு குறிப்பு தருகிறேன். ஒன்பது பசுக் கணக்குக்குச் சரியான விடை ஒன்றுக்கு மேல் உண்டு. அதனால் நாளைக்கு ரயிலிலோ, மாடியிலோ, மளிகைக் கடை வாசலிலோ கேள்வியை மட்டும் நண்பரிடம் சொல்லுங்கள். அவர் விடையும் உங்கள் விடையும் வேறு வேறாக இருந்தால் "தப்பு" என்று சொல்வதற்கு முன் கூட்டிப் பார்த்துவிடுங்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அப்படி ஆனால் எங்களுக்கு எழுதுங்கள். விடையை மட்டுமில்லை, ஆளுக்கொரு வழியில் எப்படிப் போனீர்கள் என்பதையும்.

அன்புடன்,
ஆசிரியர்