பெடலை மிதிச்சனீங்களோ, அப்பப்பா?

போன சனிக்கிழமை எங்கட காரின் முன் பிறேக் பாட்டுகளை வீட்டிலேயே மாத்தினோம். நாங்கள் என்றால் அப்பா, நான், பன்னிரண்டு வயது மகள். எசனின் தெற்கே, வேர்டன் பக்கம் இருக்கிறோம். எங்கட முற்றத்தை விட்டு வெளியே வந்தால் ரூர் ஆறு வரைக்கும் இறக்கம்தான்.

அப்பா எண்பதுகளில் வந்தவர். இரவில் உணவகக் குசினி, பகலில் பக்கத்து ஊர் போகுமில் செய்த பழைய ஓப்பலுக்குக் கீழே. கார் திருத்த அவர் காசு குடுத்ததை நான் சின்ன வயதில் கண்டதே இல்லை. எனக்கு இந்த வேலையைப் பழக்கினதும் அவர்தான்.

செய்யப் போறவர்களுக்குச் சில விசயம். சில்லு போல்ட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே கொஞ்சம் இளக்குங்கோ. ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதேங்கோ, கீழே ஸ்டாண்ட் வேணும். கழற்றின கலிப்பரை றப்பர் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கோ. பழைய பாட்டில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான் மிச்சம் என்றால் மாத்துற நேரம் வந்திட்டுது. டிஸ்க்கில் ஆகக்குறைந்த தடிப்பு பொறித்திருக்கும், அதையும் அளந்து பாருங்கோ. மாத்தினால் இரண்டு பக்கமும் மாத்த வேணும். ஒருநாளும் செய்து பழகாதவர்கள் தெரிந்த ஒருவர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

மகள் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி, முடிய முடியச் சரி போட்டுக்கொண்டு நின்றாள். புதுப் பாட் தடிப்பு, அதனால் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் பூட்ட வேணும் என்று அப்பா அவளுக்கு விளக்கினார். இடையில் கனடாவிலிருந்து மாமாவின் போன். அப்பா கதைத்து முடித்து வந்து, சில்லுகளைப் பூட்டி, காரை இறக்கி, போல்ட்டுகளை இறுக்கினார். திறப்பைக் கேட்டார்.

"அப்பப்பா, பெடலை மிதிச்சனீங்களோ?"

"எல்லாம் செய்தாச்சு, பிள்ளை."

"அதுக்கு நான் இன்னும் சரி போடேல்லை."

நான்தான் அவளை அதட்டினேன். "பெரியாக்களை அப்பிடிக் கேக்கிறதே? அப்பப்பா நாப்பது வருசமாச் செய்யிறார்."

அவள் கொப்பியை மூடினாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. காரில் ஏறி, எஞ்சினைப் போடாமல் பெடலை மிதித்தேன். கால் எந்தத் தடையும் இல்லாமல் அடி வரைக்கும் போனது.

உள்ளே தள்ளின பிஸ்டன் திரும்ப வந்து பாட்டைத் தொடும் வரைக்கும் பெடல் அப்படித்தான் போகும். திரும்பத் திரும்ப மிதித்துத்தான் அதை இறுக வைக்க வேணும். நான்காவது, ஐந்தாவது மிதியில் இறுகியது. மிதிக்காமல் எடுத்திருந்தால் முதல் பிறேக் அந்த இறக்கத்தில்தான். கைபிறேக் இருக்கு, உண்மை. ஆனால் காலுக்குப் பிறேக் கிடைக்காத அந்த நொடியில் அது யாருக்கு ஞாபகம் வரும்?

அப்பா யன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மகளிடம் திரும்பி, "பிள்ளை, அந்தக் கொப்பியை முதலில இருந்து வாசி" என்றார். அவள் பாதி டொச், பாதி தமிழில் வாசிக்க, ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தார். பிறேக் எண்ணெய் மட்டத்தையும் பார்த்தார்.

"எதிர்த்துக் கதைக்காதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதையே பிள்ளைகளுக்கும் சொல்லுறோம். மரியாதை வேணும்தான். ஆனால் அன்றைக்கு அவள் எதிர்த்துக் கதைக்கவில்லை, கேட்டவள் மட்டும்தான். அதட்டினதுக்கு இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை அப்பா" என்றாள். "ஐம்பது கிலோமீற்றர் ஓடினாப் பிறகு போல்ட்டுகளைத் திரும்ப இறுக்க வேணும். அதுக்கும் நான் இன்னும் சரி போடேல்லை."