நடுகற்களுக்கு ஒரு கூரை

தஞ்சை அரண்மனை நாயக்கர் எழுப்பியது. மராட்டியர் விரித்துக் கட்டியது. 1855-இல் மராட்டிய அரசு மரபு அற்றது. ஆளுவோரற்ற அக்கட்டடத்தின் ஒரு பகுதியில் 1951-இல் கலைக்கூடம் அமைந்தது. தாராசுரத்துக் கற்படிமங்களும் மண்ணுள்ளிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகளும் அங்கு வந்து சேர்ந்தன. திருவெண்காட்டு விடையேறு பெருமானை அங்குக் காணாதார் தமிழன் கைத்திறனை முழுதும் கண்டவராகார். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வார்ப்பில் சாய்ந்த உடலும் ஊன்றிய கையும் உண்டு. ஊன்றுதற்குரிய விடை மட்டும் இல்லை. இல்லாத விடையையும் காண்பான் கண்முன் நிறுத்திவிட்டான் அவ்வார்ப்பாளன்! அத்தகு செல்வம் சோழ மண்ணிலேயே தங்கியதற்கு அப்பழங்கட்டடமும் ஒரு கரணியமன்றோ?

ஆதிச்சநல்லூர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1876-இல் யாகோர் என்னும் செருமானியர் அங்கு அகழ்ந்தெடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. அயலாட்சியில் கேட்பார் யார்?

இன்று ஆள்வோர் நம்மவரே. ஆயினும் மத்தூர்ப் பக்கத்து நிலையென்ன? தொகரப்பள்ளியை அடுத்த மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பெற்றது. மல்லப்பாடிக் குன்றில் வெண்ணிறப் பாறை ஓவியங்கள் உள்ளன. ஆநிரை மீட்டும் புலியொடு பொருதும் மாண்ட மறவர்க்கு எடுத்த நடுகற்களோ, வரப்பிலும் ஏரிக்கரையிலும் வெயிலும் மழையும் தின்னக் கிடக்கின்றன. மலையை அறுத்து விற்பது பெருந்தொழிலாகிவிட்ட மாவட்டத்தில், எழுத்துப் பொறித்த கல்லும் வெறுங்கல்லாகத் தோன்றுதல் வியப்பன்று, கொடுமை!

கிருட்டிணகிரியில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் உள்ளதே என்பர். உள்ளது, வேண்டியதே. ஆனால் நடுகல் ஊரின் உடைமை. வேடியப்பன் என்று பொங்கலிட்டு வணங்கும் கல்லை நகரத்திற்கு அனுப்ப எவ்வூரார் இசைவர்? இசையவும் வேண்டா. வழிபாட்டிலுள்ளவை நின்ற இடத்திலேயே நிற்கட்டும். சாய்ந்தவை, உடைந்தவை, கேட்பாரற்றவை ஆகியவற்றிற்கே கூரை தேவை. அவை ஊரருகே, உழவன் மகன் பள்ளி விட்டு வரும் வழியில் இருத்தல் வேண்டும்.

அதற்குப் புதுமாளிகை எதற்கு? அலுவலகம் புதுக்கட்டடத்திற்கு மாறியதும், திண்ணிய சுவரும் ஓட்டுக்கூரையுமாய் நிற்கும் பழைய கட்டடத்தை இடித்து, ஒப்பந்தக்காரனுக்கு வழிவிடுவதே இந்நாட்டு வழக்கமாகிவிட்டது. அவற்றுள் உறுதியான ஒன்றை ஓடு மாற்றி, சுண்ணம் பூசி, காவலர் ஒருவரை அமர்த்தினால் போதும். ஒவ்வொரு கல்லின் அடியிலும் அதன் வட்டெழுத்து வரி இற்றைத் தமிழெழுத்தில் எழுதி வைக்கப்படல் வேண்டும். தெருக்கூத்துக் கலைஞரின் முடியும் தோள்கட்டையும் குயவர் வனைந்த மட்கலமும் அங்கு இடம்பெறட்டும்.

இடிப்பதற்கு ஆணையிடுமுன், எந்தக் கல் எந்த நிலத்தில் கிடக்கின்றது என்னும் பட்டியலை ஊராட்சிகள் எடுத்தாக வேண்டும். தமிழாசிரியரும் மாணவரும் உடன் சென்றால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முடியக்கூடிய பணியே அது.