முகமூடி யாருக்குச் சொந்தம்?

1980இல் அமெரிக்காவில் வெளிவந்த திகில் திரைப்படம் ‘ஃபிரைடே தி தேர்ட்டீன்த்’. அதில் தொடர்கொலைகளைப் புரிபவள் ஒரு தாய். அவள் மகன் ஜேசன் கொலையாளியானது அடுத்த படத்தில்தான். அவனது புகழ்பெற்ற ஹாக்கி முகமூடியோ 1982இல், மூன்றாம் படத்தில் வந்தது.

முதற்படத்தின் கதாசிரியர் விக்டர் மில்லர் தம் உரிமையை மீளக் கோரி வழக்காடினார். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. எழுதியவரிடம் எழுத்து திரும்பியது நியாயமே. ஆயினும், முதற்கதை ஒருவரிடமும் பின்வந்த முகமூடி வேறொருவரிடமும் நின்றால் எவர்தாம் படமெடுப்பர்? 2009க்குப் பின் திரையரங்கைக் காணாத அத்தொடர் மேலும் முடங்கியது.

அவ்வெற்றிடத்தை ரசிகர்கள் நிரப்பினர். அவர்கள் தாமே பொருள் திரட்டி உருவாக்கிய ‘நெவர் ஹைக் அலோன்’ 2017இல் இணையத்தில் வெளியானது. தனியே காட்டுவழி நடக்கும் ஒருவன் பாழடைந்த முகாமொன்றை அடைகிறான். கொலைகளைப் பெருக்காமல் அத்தனிமையையே அச்சமாக்குகிறது படம். 1986ஆம் ஆண்டுப் படத்தில் ஜேசனை எதிர்த்துநின்ற தாம் மேத்யூஸ், அதே வேடத்தில் இதிலும் தோன்றுகிறார். பெருநிறுவனங்கள் மறந்த நிதானம் இங்குக் கைகூடியுள்ளது.

இதனைத் திருட்டு என்பது பொருந்தாது. எவரும் கட்டணமின்றிக் காணலாம். நுழைவுச்சீட்டு விற்கத் தொடங்கினால் வழக்கு அவர்கள் கதவையும் தட்டும், தட்டுவதும் முறையே.