எந்தத் தெரு?

சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலத் துணைப்பாட நோட்டுடன் கோட்டையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாமாவின் ‘கருக்கு’ நூலிலிருந்து எடுத்து, என்சிஇஆர்டியின் ‘விஸ்டாஸ்’ புத்தகத்தில் சேர்க்கப்பட்ட பகுதிதான் பாடம். நோட்டில் இரண்டு விடைகள் இருந்தன. கதைக்களம்: தமிழகக் கிராமம் ஒன்று. பாத்திரப் படைப்பு: பாமா குறும்புக்காரச் சிறுமி, அண்ணன் அறிவுரை கூறுபவர்.

இரண்டையும் மனப்பாடம் செய்திருந்த அவள் ஒரு கேள்வி கேட்டாள்: “அக்கா, அண்ணன்கிட்ட எதுக்குத் தெருவைக் கேக்குறாங்க? பேரைக் கேட்டா போதாதா?”

பக்கத்து ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொண்டு திரும்பும் அண்ணனை, நிலக்கிழாரின் ஆள் ஒருவர் வழியில் நிறுத்துகிறார். முதலில் பெயரைக் கேட்கிறார். அடுத்து, எந்தத் தெரு என்கிறார். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அதற்கப்புறம் மரியாதை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம். அந்த ஒரு கேள்வியில் கதைக்களமும் பாத்திரமும் ஒன்றாகிவிடுகின்றன. நம் தேர்வுத் தாளோ அவற்றை இரண்டு கேள்விகளாகப் பிரித்து, இரண்டிலிருந்தும் சாதியை எடுத்துவிடுகிறது.

‘கருக்கு’ 1992இல் வெளிவந்த தன்வரலாறு. அஞ்சலகம், பஞ்சாயத்து அலுவலகம், பெரிய கடைகள், பள்ளிக்கூடம் எல்லாம் எந்தச் சாதியார் தெருக்களில் இருக்கின்றன என்பதைப் பாமா தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவருக்கு அது இயற்கை வருணனை அல்ல. யார் எங்கே போகலாம், எதற்காகப் போகலாம் என்பதன் வரைபடம்.

நாவலுக்கும் இது பொருந்தும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் வரும் ஆரோக்கியத்தை ‘வறுமையில் வாடும் தாய்’ என்று எழுதினாலே மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அவர் காலனி மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார். வீடு வீடாக வாங்கும் சோறும் களத்தில் பெறும் நெல்லுமே அவர் கூலி. ஒடுக்கப்பட்டோர் தெருவுக்குள்ளும் படிநிலை இருக்கிறது என்பதை விட்டுவிட்டால் ஆரோக்கியம் என்ற மனுஷியே நமக்குப் புரியமாட்டார்.

எங்கள் வட்டாரத்தையும் இப்படித்தான் படிக்கப் பழக்குகிறார்கள். செட்டிநாடு என்றால் பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், அகன்ற முற்றம். அந்த முற்றத்தைக் கூட்டியவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கோட்டையூர் புத்தகத்துக்குப் பேர்போன ஊர். ரோஜா முத்தையா செட்டியார் இங்கே சேர்த்த நூல்களை, 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அவை சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றன. அந்தப் பெருமை உண்மையானது. இதே மண்ணுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1931இல், கோட்டையூரை உள்ளடக்கிய அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர் மீதும் தேவேந்திர குல வேளாளர் மீதும் ஆதிக்க சாதியினர் பதினொரு தடைகளை விதித்தனர். அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரர்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பவையும் அவற்றில் அடக்கம். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். பாமா பிறந்த புதுப்பட்டியும் 1985 வரை அதே மாவட்டத்தில்தான் இருந்தது. நூலகப் புத்தகத்தோடு நடந்து வந்த அண்ணனைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி வேண்டாமா?

“பிள்ளைகளிடம் ஏன் சாதியைப் பேச வேண்டும்? அவர்களுக்கு அது தெரியாதே” என்பார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் மணிக்கட்டில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. கையில் கயிறு கட்டத் தெரிந்த பிள்ளைக்குச் சாதி தெரியாது என்பது பெரியவர்கள் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் பொய். அவர்களுக்குத் தெரியாதது, சாதியை எதிர்த்துப் பேசும் மொழி. அதை இலக்கிய வகுப்பு தர முடியும். தர மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. இங்கே புத்தகத்தில் பாமா இருக்கிறார், விடைத்தாளில் இல்லை.

ஆசிரியர்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. கதை நடக்கும் ஊரைப் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். கிணறு யார் தெருவில் இருக்கிறது? பள்ளிக்கூடம் யார் பக்கம்? யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்? யார் யாரை ‘டா’ போட்டு அழைக்கிறார்? ஒரு மாணவர் சொந்தத் தெருவைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமலே இவை அத்தனையும் பேசலாம். எந்தப் பிள்ளையும் வகுப்பில் எடுத்துக்காட்டாக நிறுத்தப்படக் கூடாது. அதில் கவனம் தேவை.

அன்று அந்த மாணவி நோட்டில் ஊரை வரைந்தாள். கடைவீதி, களத்துமேடு, நிலக்கிழார் உட்கார்ந்திருந்த இடம், பொட்டலத்தைத் தொடாமல் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரியவர் நடந்து வந்த வழி எல்லாம் அதில் இருந்தன. வரைந்து முடித்ததும், “இதுக்கு மார்க் போடுவாங்களா அக்கா?” என்றாள்.

போட வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் திருத்துபவர்களிடமும் நாம் கேட்பது அதைத்தான்.