ஒரே போன், மூன்று பிள்ளைகள்



உங்கள் அறிவியல் புத்தகத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக, கட்டம் கட்டமாக ஒரு சின்னச் சதுரம் இருக்கிறதா? அழகுக்காக அச்சடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு க்யூ.ஆர். கோடு என்று பெயர். மளிகைக்கடையில் அப்பா போனை நீட்டிப் பணம் கட்டுகிறாரே, அதே வகைதான்.

ஜப்பானில் கார் உதிரி பாகங்களுக்குக் கணக்கு வைக்க 1994-இல் கண்டுபிடித்தது இது. மூன்று மூலைகளில் மட்டும் பெரிய சதுரம் இருக்கும், நான்காவது மூலையில் இருக்காது. அதை வைத்துத்தான், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் எது மேல் பக்கம் என்று போன் கண்டுகொள்கிறது. நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018-இல், புதிய புத்தகங்கள் வந்தபோது, இது இடம் பிடித்தது. போனில் தீக்ஷா செயலியைத் திறந்து காட்டினால் பாடத்துக்கான வீடியோவும் பயிற்சியும் வரும். செயலிக்குக் காசு கிடையாது.

ஆனால், போன் வேண்டுமே! இணையமும் வேண்டுமே!

எங்கள் தெருவில் ஒரு வீடு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் மூன்று பிள்ளைகள், இருப்பது ஒரே போன். 2020-இல் கொரோனாவால் பள்ளிகளை மூடிவிட்டார்கள் அல்லவா? மூத்த பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பாடமெல்லாம் போனுக்கு வந்தது. போனோ காலை ஆறு மணிக்கே அப்பாவோடு கிளம்பிவிடும். சவாரிக்குக் கூப்பிடுகிறவர்கள் அந்த எண்ணில்தானே கூப்பிடுவார்கள்? அவரையும் குறை சொல்ல முடியாது. இரவு ஒன்பது மணிக்கு அவர் வந்ததும், வந்திருக்கும் கேள்விகளையெல்லாம் அந்தப் பெண் பென்சிலால் நோட்டில் அவசர அவசரமாக எழுதிக்கொள்வாள். தம்பியும் தங்கையும் பக்கத்தில் காத்துக்கொண்டிருப்பார்களே!

ஒரு நாள் கண் கலங்க என்னிடம் வந்து, "டீச்சர், காலையில வணக்கம் போடலைனு எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாங்க" என்றாள். முப்பது வருஷம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். அன்றைக்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் திண்ணையில் ஆறு பிள்ளைகள், முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். என் போனின் சத்தம் ஆறு பேருக்கு எட்டவில்லை. அந்தப் பெண்தான் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கேட்டு வாங்கி, போனை அதற்குள் நிறுத்தினாள். சத்தம் கணீரென்று கேட்டது! டம்ளரின் சுவர் ஒலியைச் சிதற விடாமல் ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகிறது. நீங்களும் செய்து பாருங்கள். டம்ளரில் தண்ணீர் இல்லையே என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்!

கல்வித் தொலைக்காட்சியைச் சிலர் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். 2019-இல் தொடங்கிய அந்தச் சேனலுக்கு இணையமே தேவையில்லை, வீட்டு டி.வி. போதும். எந்த வகுப்புக்கு எந்த நேரம் என்று தெரிந்து வைத்துக்கொண்டால், அப்பாவின் போனுக்காகக் காத்திருக்க வேண்டாம். போன் கைக்குக் கிடைக்கிற அரைமணி நேரத்திலும் ஒரு தந்திரம் உண்டு. தீக்ஷாவில் வேண்டிய வீடியோவை முதலில் பதிவிறக்கி வைத்துவிடுங்கள். பிறகு டேட்டா தீர்ந்தாலும் கவலையில்லை, திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

பாடம் தவிர வேறு படிக்க ஆசையா? 1998-இல் பொங்கல் நாளன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' என்று ஒன்று உண்டு. உலகின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள், சம்பளம் எதுவும் வாங்காமல், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் உங்களைப் போலவும் என்னைப் போலவும் உள்ளவர்கள் எழுதியதுதான். அதனாலேயே சில இடங்களில் தப்பும் இருக்கும். படித்ததைப் பாடநூலோடோ நூலகப் புத்தகத்தோடோ ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதுங்கள். இப்போது கேள்வி கேட்டாலே கட்டுரை எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. அதுவும் சில சமயம் இல்லாததை இருப்பதுபோலத் தைரியமாகச் சொல்கிறது!

ஆசிரியர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். (பெரியவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பதாகக் கேள்வி!) "நெட்டில் பார்த்து, கலர் பிரின்ட் எடுத்து ஒட்டி வா" என்று சொல்லும்போது, அந்தப் பிரின்டுக்குக் கடையில் கொடுக்கிற காசு சில வீடுகளில் மறுநாள் பால் வாங்குகிற காசு. கையால் வரைந்த படத்துக்கும் அதே மதிப்பெண் கொடுக்கலாமே! எனக்குத் தெரிந்தவரை, வரைந்தவன்தான் இதயத்துக்கு நான்கு அறை என்பதை மறக்காமல் இருக்கிறான்.

கூச்சப்படாதீர்கள், செல்லங்களே. வீட்டில் போன் இல்லை என்பதை ஆசிரியரிடம் நேராகச் சொல்லுங்கள். பள்ளியில் கணினி அறை இருந்து அது பூட்டியே கிடந்தால், நாலு பேர் சேர்ந்து போய்த் தலைமையாசிரியரிடம் சாவி கேளுங்கள். தூசு படிவதற்காக வாங்கி வைத்ததல்ல அது. பக்கத்து நூலகத்தில் கணினி இருக்கிறதா என்றும் நூலகரிடம் விசாரியுங்கள். மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

திண்ணையில் டம்ளர் வைத்த பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் வந்தபோது, தங்கைக்குத் தன் பழைய போனைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். திரையில் ஒரு கீறல் இருக்கிறதாம், மற்றபடி நன்றாக ஓடுகிறதாம்.

உங்கள் வீட்டில் எப்படி? போன் எத்தனை மணிக்கு உங்கள் கைக்கு வருகிறது, யாருக்கு முதல் முறை, அதில் என்ன படித்தீர்கள்? ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். போனே இல்லாதவர்கள், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் கடிதங்களைத்தான் நான் முதலில் பிரிப்பேன்.